அவர் பெயர் போட்ட குப்பி

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றுகிறேன் பேர்வழி என்று செல்லம்மா முழங்கை வரை நனைந்து நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் குட்டி மேடத்திடமிருந்து போன் வந்தது.

"அம்மா, பழைய நைட்ரஜன் தொட்டியைத் தூக்கப் போறோம். உள்ள இருக்கறதுல வேணும்ங்கறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கழிச்சுடணும். அடியில ஒரு குப்பி கிடக்கு. சார் பேர் போட்டிருக்கு. எழுதினதும் சார்தான், அந்தக் கோணல் எழுத்து வேற யாருக்கு வரும்? என்ன பண்ணட்டும்?"

"தொடாதே. நான் வர்றேன்."

குழாய் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. செல்லம்மா புடவை மாற்றிக்கொண்டு, வாசலைப் பூட்டி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையில் இன்னும் ஸ்பேனர் இருப்பதைக் கவனித்தாள். பக்கத்து இருக்கைக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

செல்லம்மா அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. மனித உடம்பின் செல்களைப் பாட்டிலில் வளர்க்கும் ஆய்வகத்தில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வுபெற்றவள். சேர்ந்த வருஷமே யாரோ ஒரு குறும்புக்காரர் வைத்த பெயர் அது. சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான் என்று ஆகிவிட்டது. குட்டி மேடம் கதையும் அப்படித்தான். மாணவியாக வந்த புதிதில் அவளுக்கு மேல் அலமாரி எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறுவாள். குட்டி என்றார்கள். இன்றைக்கு அவள்தான் ஆய்வகத்துக்குத் தலைவி. மரியாதைக்காகப் பின்னால் ஒரு மேடத்தைச் சேர்த்துக்கொண்டார்களே தவிர, குட்டியை யாரும் விடவில்லை.

அந்தக் குப்பியில் இருந்தது செல்லம்மாவின் கணவருடைய தோல். தோல் என்றால் தோலாக இல்லை. தோலிலிருந்து பிரித்து வளர்த்த செல்கள், திரவ நைட்ரஜன் குளிரில் உறைந்த நிலையில். அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஒரு நாள் காலை பஸ் ஸ்டாப்பில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டைகளையும் கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் செல்லம்மா பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். ஆனால் உயிரோடு இருக்கிற அவருடையது என்று உலகத்தில் மிச்சம் இருந்தால் அது அந்தக் குப்பி ஒன்றுதான்.

அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஸ்பிரிட்டு. வெளி ஆட்கள் கேட்டால் தப்பாக நினைப்பார்கள், மனிதர் ஒரு சொட்டு குடித்ததில்லை. மேஜையைத் துடைக்க, கையைத் துடைக்க, கதவுக் கைப்பிடியைத் துடைக்க எந்நேரமும் ஸ்பிரிட் பாட்டிலும் கையுமாகத் திரிவார், அதனால் வந்த பேர். செல் வளர்ப்பில் பெரிய எதிரி தூசியும் பூஞ்சையும்கூட இல்லை, இன்னொரு செல்தான் என்பது அவர் கட்சி. ஒரு பாட்டிலில் போட்ட பிப்பெட்டை, அந்த உறிஞ்சுகுழலை, இன்னொரு பாட்டிலில் வைக்கக் கூடாது. ஒருவருடைய செல்லுக்குத் திறந்த மீடியத்தை, அதாவது அந்த இளஞ்சிவப்புச் சத்துத் திரவத்தை, இன்னொருவருடைய செல்லுக்கு ஊற்றக் கூடாது. வேகமாக வளர்கிற செல்லைக் கடைசியில்தான் தொட வேண்டும், மெதுவாக வளர்கிறதை முதலில். ஏனென்றால் வேகமானது ஒன்றே ஒன்று தப்பி மெதுவானதன் பாட்டிலுக்குள் விழுந்தாலும் போதும், கொஞ்ச நாளில் வீட்டுக்காரரைத் துரத்திவிட்டுக் குடியிருந்தவர் வீட்டை எடுத்துக்கொள்வார். இதை மீறிய மாணவர்களுக்கு அவர் விட்ட டோஸ் இருக்கிறதே, குட்டி மேடம் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஸ்டூலில் ஏறி நின்று அழுதவள் அவள்.

அந்தத் தோல் வந்த கதை, அவர்கள் கல்யாணக் கதையும்கூட. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த நாளில் ஆய்வகத்தில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மனித செல்லைப் பாட்டிலில் போட்டால் பிரியும், பெருகும், பிறகு ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதற்குள் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. அதே செல்லுக்குள் ஒரு குரங்கு வைரஸை விட்டால் ஆளே மாறிவிடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு அடாவடியாக வளரும். புதிதாகப் பார்க்கிறவர்கள், இதற்குச் சாவே இல்லை போலிருக்கிறது என்று வாயைப் பிளப்பார்கள். அது பொய். வைரஸ் கொடுப்பது வரம் இல்லை, வெறும் தவணைதான். அந்தத் தவணையும் ஒரு நாள் முடியும். பிறப்பதற்குச் சமமாகச் சாக ஆரம்பிக்கும், பாட்டில் முழுக்கக் குப்பை மிதக்கும். அந்தக் கட்டத்துக்கு நெருக்கடி என்று பெயர். கோடிகளில் ஒன்று மட்டும் எப்படியோ தப்பித்து அந்தப் பக்கம் போகும். போய்விட்டால் அப்புறம் அதற்கு முடிவு கிடையாது. ஏன் அந்த ஒன்று, ஏன் மற்றவை இல்லை? அதுதான் கேள்வி.

பரிசோதனைக்குத் தோல் வேண்டும். யார் கொடுப்பது என்று அப்போது தலைவராக இருந்த பெரியவர் கேட்டதும், கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவசர வேலை முளைத்தது. மிஞ்சியவர்கள் இரண்டு பேர். செல்லம்மா கையைத் தூக்கினாள். அவள் தூக்கியதைப் பார்த்து அவரும் தூக்கினார். பக்கத்துக் கட்டடத்து டாக்டர், மேல்கையின் உட்பக்கத்தில் பருப்பு அளவுக்கு எடுத்துக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பிளாஸ்திரியோடு வளையவந்தார்கள். "என்ன, ஒட்டுப் போட்ட ஜோடியா?" என்று கேன்டீன்காரர் கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஊர் வாயை மூட வேறு வழியில்லாமல் கல்யாணம் செய்துகொண்டோம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அலைந்தார். செல்லம்மாவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பொய்க்கோபம் வரும்.

அவளுடைய பாட்டிலும் அவருடைய பாட்டிலும் இன்குபேட்டரில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆண் செல்லை ஒரு சாயத்தில் நனைத்து ஒளிரும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே பளிச்சென்று ஒரு புள்ளி மின்னும், பெண் செல்லில் அது இருக்காது. அவருடைய செல்லை முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது செல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னங்க, மூக்குத்தி போட்டிருக்கீங்க?"

"உனக்கு இல்லைன்னு பொறாமை."

அதிலிருந்து அந்தப் புள்ளிக்கு மூக்குத்தி என்றே பேர். பிற்பாடு வந்த மாணவர்கள் அது ஏதோ அறிவியல் வார்த்தை என்றே நினைத்தார்கள்.

வைரஸ் விட்ட பிறகு அவள் செல்கள் பேயாய்ப் பெருகின. அவருடையவை நிதானம். "உன் வாய் மாதிரிதான் இருக்கு, நிக்கவே நிக்காது" என்பார். வீட்டில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதுவானாலும் அவளுக்குத்தான் முதலில். டீ போட்டால் முதல் டம்ளர் அவளுக்கு. தட்டு வைத்தால் முதலில் அவளுடைய தட்டு. செய்தித்தாளைக்கூட அவள் பிரிக்கும் வரை தொடமாட்டார். "எதுக்குங்க இந்த உபசாரம்? நானென்ன விருந்தாளியா?" என்று கேட்டால், "கை தானா அந்தப் பக்கம் போகுது, நான் என்ன பண்ண?" என்பார். பிழைக்கத் தெரியாத மனிதர் என்று அவளுடைய அண்ணன் கேலி செய்வான்.

ஒரு முறை அவள் கடுங்காய்ச்சலில் படுத்துக்கொண்டாள். ஆய்வகத்துக்குப் போக முடியவில்லை. செல்களுக்கு மீடியம் மாற்றுகிற நாள் அது, தள்ளிப்போட முடியாது. இரண்டு பாட்டில் வரிசைகளையும் ஒழுங்காகக் கவனித்துவிட்டு வர எப்படியும் பொழுது சாய்ந்துவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, அவர் மத்தியானமே கதவைத் தட்டினார்.

"அதுக்குள்ளவா?"

"உன்னோடதுக்கு முதல்ல போட்டேன். அப்படியே என்னோடதுக்கும் போட்டுட்டு ஓடி வந்துட்டேன். வாயைத் திற, தெர்மாமீட்டர்."

காய்ச்சலை விட அந்த நனைந்த துணிதான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தார். ஸ்பிரிட் வாசனை அடித்தது. வாழ்க்கையில் எத்தனையோ நல்ல நாள் இருந்தது, ஆனாலும் சந்தோஷம் என்று யாராவது பேச்சை எடுத்தால் அவளுக்கு அந்தக் காய்ச்சல் மத்தியானம்தான் மனசில் வரும்.

அதற்குப் பிறகு, இரண்டில் ஒன்றை நெருக்கடிவரை ஓட்டிப் பார்ப்பது, இன்னொன்றை நடுவிலேயே உறையவைத்துக் காப்பது என்று முடிவானது. அவளுடையதை உறையவைக்கலாம் என்று அவர் அடம்பிடித்தார். என்னுடையது வேகமானது, ஓட்டிப் பார்க்க அதுதான் சரி என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். வழக்கம்போல அவள் பேச்சே எடுபட்டது. அவளுடைய செல்கள் ஓடின, நெருக்கடியில் விழுந்தன, ஒன்று விடாமல் செத்தன. அவள் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கைகழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவர்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அட, நான் உயிரோடதானே இருக்கேன்!" என்று அவள் சத்தம் போட வேண்டியிருந்தது. அவருடையவை குப்பிகளில் அடைக்கப்பட்டுத் தொட்டிக்குள் போயின. வருஷக்கணக்கில் மாணவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் செலவழித்தார்கள். குட்டி மேடம் பட்டம் வாங்கியதே அந்தச் செல்களை வைத்துத்தான். மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பஸ்ஸை விட்டு இறங்கிப் போனால், ஆய்வகத்தில் அந்த ஸ்பிரிட் வாசனை மாறவில்லை. அது போதாதா? வாசலிலேயே செல்லம்மா ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். குட்டி மேடம் ஸ்பேனரை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல் விட்டாள்.

"புதுத் தொட்டியில இடம் இருக்கும்மா. அப்படியே மாத்தி வச்சுடலாம். ஆனா ஒண்ணு. பழைய தொட்டி நடுவுல ரெண்டு தடவை நைட்ரஜன் வத்திக் காஞ்சு போச்சு. உள்ள உயிர் இருக்கா இல்லையான்னு உருக்கிப் பார்த்தாதான் தெரியும்."

"உருக்கிட்டா கணக்கு ஓட ஆரம்பிச்சுடும்."

"ஆமா. சார் செல்லும் நெருக்கடியில போய்த்தான் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாததா?"

செல்லம்மா யோசித்தாள். செத்த குப்பியைப் பூஜ்யத்துக்குக் கீழே வைத்துப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது? இருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. வெந்நீரில் குப்பியை அவளே பிடித்து ஆட்டினாள். பனிக்கட்டி கரைந்து கடைசித் துணுக்கு மறைந்த கணத்தில் பாட்டிலில் ஊற்றினாள். காலிக் குப்பியைத் துடைத்து மேஜை ஓரத்தில் பத்திரமாக வைத்தாள். 

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. பெரும்பாலும் செத்து மிதந்தன. ஆனால் அங்கங்கே ஒன்றிரண்டு பாட்டிலின் அடியைப் பற்றிக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருந்தன.

"வந்துட்டார்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மாணவிகளும் மூக்கை உறிஞ்சினார்கள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஓய்வுபெற்றவள் மறுபடியும் வேலைக்குப் போகிற மாதிரி டப்பா கட்டிக்கொண்டு கிளம்பினாள். அதே பஸ், அதே ஜன்னல் இருக்கை. மகள் விடுமுறையில் வந்திருந்தவள், பாலம் கட்டுகிற எஞ்சினியர், எதையும் அளந்து பார்க்கிறவள், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டுவிட்டாள்.

"அம்மா, அது அப்பா இல்லம்மா. அப்பாவோட தோல்."

"தெரியும்."

"அப்பாவைப் பார்க்கணும்னா என்னைப் பாருங்களேன். பாதி அவர்தானே நான்?"

"நீ பேசற பேச்சுல அவர் கால்வாசிகூட இல்ல. அவர் அஞ்சு வார்த்தை பேசற எடத்துல நீ அம்பது பேசறே. அதெல்லாம் என் வீட்டுச் சொத்து."

மகள் சிரித்துவிட்டாள். ஆனால் அவளும் ஒரு நாள் கூட வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள்.  திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாட்டில் நிறைந்ததும் பாதியை மறுபடி உறையவைப்பது என்று திட்டம். நிறைவதற்குள்ளேயே அவை களைத்துவிட்டன. குட்டி மேடம் ஒரு பங்கை உறையவைத்து எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் பிழைக்கவில்லை. பிறகு நெருக்கடி வந்தது. செல்லம்மாவுக்கு அதன் முகம் தெரியும். செல்கள் அப்பளம் மாதிரி விரிந்து, தட்டையாகி, நடுவில் இரண்டு மூன்று கரு வைத்துக்கொண்டு விழிக்கும். மீடியத்தில் துகள் துகளாகக் குப்பை மிதக்கும். அவள் மீடியத்தை மாற்றினாள், காத்திருந்தாள், மறுபடி மாற்றினாள். செய்வதற்கு அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் போகும்போது இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒருவர் மடியில் போனவர் அவர். இப்போதாவது உட்கார்ந்திருக்கலாம்.

மகள் ஊருக்குத் திரும்பிப் போனாள். பாட்டிலில் ஒட்டிக்கொண்டிருந்தவை குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒன்றும் இல்லை. வெறும் பாட்டிலுக்கு மீடியம் மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று மாணவிகள் காதைக் கடித்துக்கொண்டார்கள். குட்டி மேடம் அவர்களை ஒரு பார்வை பார்த்தாள், அடங்கினார்கள்.

செல்லம்மாவும் அன்றைக்கு முடித்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் வந்தாள். பிளீச்சிங் தண்ணீரைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள். கடைசியாக ஒரு தரம் என்று குனிந்தாள். பாட்டிலின் ஓரத்தில், மூலை திரும்புகிற இடத்தில், சின்னக் கூட்டம் ஒன்று. சிறிசு சிறிசாக, இறுக்கமாக, பளபளவென்று. அவற்றில் ஒன்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருண்டு திரண்டு பிரியத் தயாராக இருந்தது.

"குட்டி!"

மேடம் என்று சேர்க்க மறந்துவிட்டாள். அந்தக் கூச்சலில் ஆய்வகமே ஓடி வந்தது. குட்டி மேடம் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். "தப்பிச்சுட்டாரும்மா. இனிமே இவருக்கு முடிவே கிடையாது" என்றாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப் பெண்கள் மாதிரிக் குதித்தார்கள். செல்லம்மாவுக்கு முட்டி வலி உண்டு, அன்றைக்கு அது ஞாபகமே வரவில்லை.

கூட்டம் பெருகிப் பாட்டில் பாதி நிறைந்ததும் அவளுக்கு ஆசை வந்தது. மூக்குத்தியைப் பார்க்க வேண்டும். சாயம் போட்டு, விளக்கை அணைத்து, ஒளிரும் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தாள். மங்கலாகக் கருக்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். புள்ளி இல்லை. இன்னொரு தட்டைப் பார்த்தாள். அதிலும் இல்லை.

குட்டி மேடம் சமாதானம் சொன்னாள். "இந்த மாதிரி செல்லுல அது கழண்டு விழுறது சகஜம்மா. எத்தனை பார்த்திருப்பீங்க? ஆம்பளை செல்தான், மூக்குத்தி தொலைஞ்சிருக்கும். சந்தேகமா இருந்தா மரபணு பார்த்துடலாம். சாரோட மாதிரி வேற நம்மகிட்ட இல்ல. அதனால உங்க கன்னத்துல கொஞ்சம், பொண்ணு கன்னத்துல கொஞ்சம் வழிச்சுக் குடுங்க. பொண்ணுகிட்ட இருக்கறதுல உங்க பங்கைக் கழிச்சா மிஞ்சுறது சார்."

மகளுக்குப் பஞ்சுக்குச்சியைத் தபாலில் அனுப்பினார்கள். "எச்சில் துப்பறதுக்கு எல்லாம் இவ்ளோ மரியாதையா" என்று போனில் கேலி செய்தாலும் ஒழுங்காக அனுப்பிவைத்தாள்.

முடிவு வந்த அன்று குட்டி மேடம் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதே செல்லம்மாவுக்குப் பகீரென்றது.

"அம்மா, மூணு தடவை பண்ணிட்டேன். மாதிரி மாறிப் போச்சோன்னு நானே மறுபடி எடுத்தேன். பாட்டில்ல இருக்கறது சார் இல்ல."

"வேற யாரு?"

"நீங்க."

செல்லம்மா புரியாமல் பார்த்தாள். குட்டி மேடம் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கோடுக்குக் கோடு ஒன்றாக இருந்தன. ஒன்று அவள் கன்னம், இன்னொன்று அந்தப் பாட்டில். இப்போது கலந்திருக்க வழியே இல்லை. அவளுடைய செல்கள் எந்தப் பாட்டிலிலும் எத்தனையோ வருஷமாகக் கிடையாது. அந்தக் காலத்திலேயே, உறைய வைப்பதற்கு முன்னாலேயே கலந்திருக்கிறது.

"அப்போ நான் பட்டம் வாங்கினது..." என்று குட்டி மேடம் இழுத்தாள். "அத்தனை வருஷமும் சார்னு நெனச்சு உங்களைத்தான் வச்சு வேலை பார்த்திருக்கேன்."

சிரிக்க வேண்டிய இடம்தான். செல்லம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.  அவள் செல் வேகமானது, அவருடையது நிதானம். உள்ளே விழுந்த ஒன்றிரண்டு பெருகி, அவருடைய இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, அவரை ஒன்றுமில்லாமல் பண்ணியிருக்கிறது. உருக்கிய மறுநாள் கால் நீட்டிப் படுத்திருந்ததைப் பார்த்து வந்துட்டார் என்று அழுதாளே, அது அவளே. அவர் எப்போதோ போய்விட்டார். அதுவும் அவளாலேயே.

"உக்காந்த எடத்துல அவரைத் தின்னுட்டேன்டி" என்றாள். குரல் உடைந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க. எவனோ ஒரு மடையன் ஒரே பிப்பெட்டைப் போட்டிருக்கான், அவ்வளவுதான். ஆனா சார் இருக்கும்போது சார் பாட்டிலைத் தொட எவனுக்குத் தைரியம் வந்தது? அதான் எனக்கு விளங்கல. அதுவும் வேகமானதை முதல்ல தொட்டுட்டு, நிதானமானதுக்கு அப்புறம் போயிருக்கான். தலைகீழா. சார் பார்த்திருந்தா கொன்னே போட்டிருப்பார்."

வேகமானதை முதலில். செல்லம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதுக்குள்ளவா என்று கேட்டாளே, காய்ச்சலோடு. உன்னோடதுக்கு முதல்ல போட்டேன், அப்படியே என்னோடதுக்கும் போட்டுட்டு ஓடி வந்துட்டேன். அப்படியே. பிப்பெட் மாற்றவில்லை, மீடியம் மாற்றவில்லை, நடுவில் மேஜையைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. ஊரையெல்லாம் விரட்டி விரட்டிச் சட்டம் பேசிய மனிதர், அத்தனை சட்டத்தையும் ஒரே மத்தியானத்தில் காற்றில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஒளிக்கக்கூட இல்லை. வாசலில் நின்று அவளிடமே சொன்னார். அவளுக்குத்தான் அன்றைக்கு ஆய்வகக் காது இல்லை, பெண்டாட்டிக் காதுதான் இருந்தது. முதல்ல உனக்கு என்றது மட்டுமே காதில் விழுந்தது.

கை தானா அந்தப் பக்கம் போகுது, நான் என்ன பண்ண?

செல்லம்மா அழுதாள். குட்டி மேடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்டாள். சொல்லச் சொல்ல அவளும் அழுதாள், நடுவில் "அந்த மனுஷன் என்னை ஸ்டூல்ல நிக்க வச்சுத் திட்டினாரே" என்று சிரிக்கவும் செய்தாள்.

கொஞ்சம் ஆசுவாசமான பிறகு வேலை பாக்கி இருந்தது. தப்பித்த செல்களைப் புதுக் குப்பிகளில் அடைத்துப் புதுத் தொட்டியில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுத வேண்டும். குட்டி மேடம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"சார் பேரே இருந்துட்டுப் போகட்டுமா? உங்களுக்காக."

"சே. தப்பான பேர் எழுதறதை விடப் பெரிய பாவம் இந்த வேலையில உண்டா? அவர் கேட்டா ஒத்துக்குவாரா? என் பேரை எழுது. என் நிஜப் பேரை."

குட்டி மேடம் எழுதினாள். எழுதிக்கொண்டே, ஏதாவது பேசவேண்டுமே என்று கேட்டாள்: "உங்க சொந்த பாட்டில்னு ஒண்ணு இருந்ததேம்மா, அது என்ன ஆச்சு?"

"அதை நெருக்கடிவரைக்கும் ஓட்டினோம். ஒண்ணு விடாம செத்துடுச்சு. நான்தான் பிளீச்சிங் ஊத்திக் கொட்டினேன்."

சொல்லிவிட்டு அவள் அந்தப் பழைய குப்பியைக் கையில் எடுத்தாள். காலியாகத்தான் இருந்தது. கோணல் எழுத்தில் அவர் பெயர் மங்கிப்போயிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"என் பாட்டில்ல இருந்த நான் எப்பவோ போயிட்டேன், குட்டி. அவர் பாட்டில்ல இருந்தவதான் பிழைச்சுக் கிடக்கேன்."

குட்டி மேடம் புதுக் குப்பிகளைத் தட்டில் அடுக்கினாள். காலிக் குப்பியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. செல்லம்மா அதையும், இத்தனை நாளாக மேஜையிலேயே கிடந்த ஸ்பேனரையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். வீட்டில் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்.